மெஷின பாக்குறதுக்கு முன்னாடி வயர பாருங்க: டிரில், கிரைண்டர், ஹேக்கிங் மெஷின் புடிக்கிறவங்களுக்கு

சிங்கப்பூர்ல அங் மோ கியோ பக்கம் ஒரு பழைய எச்டிபி வீடு (அரசாங்க அடுக்குமாடி), டாய்லெட் டைல்ஸ் உடைக்கிற வேலை, கூட வேலை பாத்த தம்பி ஹேக்கிங் மெஷின, அதான் சுவர், டைல்ஸ் உடைக்கிற மெஷின, புடிச்சிட்டு இருந்தவரு திடீர்னு நிறுத்திட்டு "அண்ணே, கை லேசா சுர்ருங்குது"ன்னாரு. மெஷின் அதிர்ற அதிர்ச்சியா இருக்கும்னு மொதல்ல நெனச்சேன். ஆனா மனசு கேக்கல, பிளக்க புடுங்கிட்டு வயர மடக்கி மடக்கி பாத்தா, வயர் மெஷினுக்குள்ள நுழையிற எடத்துல ஒரு ரப்பர் குழாய் இருக்கும்ல, அதுக்கு ஒட்டினாப்ல மேல் தோல் வெடிச்சு, உள்ள பிரவுன் வயரும் பிஞ்சு செம்புக் கம்பி ரெண்டு மூணு இழை வெளிய தெரியுது. தரையெல்லாம் தண்ணி, கை கிளவுஸ் நனைஞ்சிருக்கு. வீட்டு மெயின் சுவிட்ச் இருக்குற டிபி பாக்ஸ்ல ஆர்சிசிபி இருந்துச்சு, அதான் கரண்ட் கசிஞ்சா கட் பண்ற சுவிட்ச், ஆனா அது ட்ரிப் ஆகல, அதாவது கட் பண்ணல. ஏன்னா தம்பி நல்ல ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாரு, கொஞ்சூண்டு கரண்ட்தான் ஒடம்பு வழியா போயிருக்கு. அந்த பூட்ஸ் மட்டும் இல்லன்னா என்ன ஆயிருக்கும்னு இப்ப நெனச்சாலும் எனக்கு வயித்த கலக்கும். அதனாலதான் இத எழுதுறேன்.

நெறைய பேர் பிளக்ல ஃபியூஸ் இருக்கு, அது பாத்துக்கும்னு நம்பிட்டு இருக்காங்க. அது தப்பு. நம்ம மூணு முள்ளு பிளக்ல இருக்குற ஃபியூஸ் 13 ஆம்பியர், அதாவது 13,000 மில்லி ஆம்பியர். மனுஷனுக்கு 10 மில்லி ஆம்பியர் சுமாருக்கு ஒடம்புல ஓடுனாலே தசை இறுகி புடிச்சத விட முடியாம போயிடும், 30, 50ன்னு ஏறி ஒரு செகண்டுக்கு மேல நின்னா இதயத் துடிப்பே தாறுமாறாயிடும். ஃபியூஸும் சரி, டிபி பாக்ஸ்ல ஓவர் லோடு ஆனா கட் ஆகுற சின்ன சுவிட்ச் எம்சிபியும் சரி, வயர் சூடாகி எரியாம இருக்கத்தான், நமக்காக இல்ல. நமக்காக இருக்குறது ஆர்சிசிபி ஒண்ணுதான். போன கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் ஒரே அளவா இருக்கான்னு பாத்துட்டே இருக்கும், 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு கசிஞ்சா கண் சிமிட்டுற நேரத்துல கட் பண்ணிடும். அதுக்கும் ஒரு எல்லை இருக்கு. நீங்க காஞ்ச பலகை மேல நின்னுக்கிட்டு லைவையும் (கரண்ட் வர்ற வயர்) நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போற வயர்) சேத்து தொட்டா, கசிவுன்னே அதுக்கு தெரியாது, கட் பண்ணாது.

அதனால வேலை ஆரம்பிக்கும்போது பிளக்க சாக்கெட்ல போடாம, காஞ்ச கையில வயர முழு நீளத்துக்கும் ஒரு தடவ உருவிப் பாருங்க, ஒரு நிமிஷம்கூட ஆகாது. மேடு, வெட்டு, எரிஞ்ச தழும்பு, நசுங்குன எடம் கைக்கு தெரியும். முக்கியமா ரெண்டு முனை, மெஷினுக்குள்ள நுழையிற எடமும் பிளக்குக்குள்ள போற எடமும். அங்கதான் தெனமும் மடங்கி மடங்கி உள்ளுக்குள்ள பிஞ்சு போகும். வயர புடிச்சு மெஷின தூக்குறது, லாரில வயரு மேல சாமான அடுக்குறது, பிளக்க புடுங்க வயர இழுக்குறது, இதெல்லாம்தான் காரணம். பிஞ்ச எடத்துல கருப்பு டேப் சுத்தி ஓட்டாதீங்க, இங்க இருக்குற வேர்வைக்கும் மழைக்கும் அந்த டேப் ரெண்டே வாரத்துல வழவழன்னு நழுவிடும். வயர மாத்துறதுக்கு ஆகுற காசு பெருசு இல்ல.

பிளக்க தெறந்து பாக்கத் தெரிஞ்சவங்க அதையும் பாத்துடுங்க. பிரவுன் லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். மேல் தோல் கிளிப்புக்குள்ள இறுக்கமா நிக்கணும், உள்ள இருக்குற சின்ன வயருங்க மட்டும் இழுவைய தாங்கிட்டு இருந்தா அது சீக்கிரமே கழண்டுடும். சில மெஷின்ல எர்த் வயரே இருக்காது, லேபிள்ல ஒரு சதுரத்துக்குள்ள இன்னொரு சதுரம் போட்டிருப்பாங்க, அது டபுள் இன்சுலேஷன், பயப்பட வேண்டாம். ஆனா உள்ள தண்ணி போயிட்டா அந்த ரெட்டை பாதுகாப்பும் வேலை செய்யாது. அந்த குறி இல்லாத மெஷின்ல எர்த் வயர் கழண்டோ வெட்டியோ இருந்தா தொடவே தொடாதீங்க.

எக்ஸ்டென்ஷன் ரீல சுருட்டி வச்சபடியே ஓட்டுறவங்கள பாத்தா எனக்கு கோவம் வரும். சுருளுக்குள்ள சூடு வெளிய போக வழி இல்லாம வயர் உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அதனால முழுசா அவிழ்த்துடுங்க. ஒரு சாக்கெட்டுக்கு 13 ஆம்பியர், இங்க 230 வோல்ட், ஆக மொத்தம் கிட்டத்தட்ட 3000 வாட்தான். 1500 வாட் ஹேக்கிங் மெஷினும் 1400 வாட் வேக்குமும் ஒண்ணா ஓடுனா அதுவே நெறஞ்சிடுச்சு, அதுல போய் கெட்டில் சொருகக்கூடாது. எக்ஸ்டென்ஷன்ல இன்னொரு எக்ஸ்டென்ஷன் போடாதீங்க. டாய்லெட் வேலைன்னா பிளக் சேர்ற எடம் தண்ணியில கெடக்காம வெளிய உயரமா தொங்க விடுங்க.

வீட்டு வேலைக்கு போனா மொதல்ல டிபி பாக்ஸ தெறந்து ஆர்சிசிபி இருக்கான்னு பாருங்க, டெஸ்ட்னு ஒரு பட்டன் இருக்கும், அமுக்குனா சுவிட்ச் பட்டுனு கீழ விழணும், விழலன்னா அந்த வீட்டு கரண்ட்ல மெஷின் போடாதீங்க. 1985 ஜூலைக்கு முந்தி கட்டுன வீட்ல இது இல்லாமகூட இருந்திருக்கும், 2023 ஜூலையிலிருந்து எல்லா வீட்லயும் இருக்கணும்னு சட்டமாக்கி, இல்லாத வீடுங்களுக்கு ரெண்டு வருஷம் டைம் குடுத்தாங்க, அந்த டைமும் முடிஞ்சிடுச்சு. பழைய வீட்டு சுவத்துக்குள்ள செவப்பு வயர் லைவ், கருப்பு நியூட்ரல், இதையும் ஞாபகம் வச்சுக்குங்க. சுவத்துல ஓட்ட போடும்போது சுவிட்சுக்கும் சாக்கெட்டுக்கும் நேர் மேல, நேர் கீழ, பக்கவாட்டுல போடவேண்டாம், வயர் அந்த வழியாத்தான் போயிருக்கும். டிடெக்டர் வச்சு பாத்துட்டு போடுறது இன்னும் நல்லது.

வேலை நடுவுல ட்ரிப் ஆச்சுன்னா ஓடிப்போய் சுவிட்ச தூக்கி விடாதீங்க. கல்லு, இரும்பு அறுக்குற கிரைண்டர்ல, விரல எடுத்தாலும் ஓடிட்டே இருக்க வைக்கிற லாக் பட்டன் போட்டிருந்தா கரண்ட் வந்த ஒடனே அது தானா சுத்த ஆரம்பிச்சு தரையில குதிக்கும், பக்கத்துல ஆள் இருந்தா கால் போயிடும். லாக்க எடுங்க, பிளக்க புடுங்குங்க, அப்புறம் தூக்குங்க. அதே மெஷின போட்டதும் மறுபடியும் விழுந்தா அந்த மெஷின ஓரமா வைங்க. மெஷினே போடாம விழுந்தா அது வீட்டு வயரிங் கோளாறு, லைசென்ஸ் வச்சிருக்குற எலக்ட்ரீஷியன்தான் தொடணும், நம்ம கை வைக்கக்கூடாது.

சைட்ல மஞ்ச கலர் பிளக் இருந்தா 110 வோல்ட், நடுவுல எர்த் பண்ணின டிரான்ஸ்ஃபார்மர்லேருந்து வர்றதால ஷாக் அடிச்சாலும் தரைக்கு 55 வோல்ட்தான், அதனாலதான் அத குடுக்குறாங்க. அந்த பிளக்க வெட்டிட்டு வேற பிளக் மாட்டாதீங்க. பிஞ்ச வயர காட்டியும் சூப்பர்வைசர் ஓட்டச் சொன்னா மாட்டேன்னு சொல்லுங்க தம்பி, ஆபத்தான வேலைய பத்தி புகார் குடுக்குற மனிதவள அமைச்சோட ஸ்னாப்சேஃப்ல ஃபோட்டோ எடுத்து அனுப்பலாம்.

யாராவது கரண்ட்ல மாட்டிக்கிட்டா அவர தொட்டு இழுக்காதீங்க, நீங்களும் சேந்து மாட்டிக்குவீங்க. மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா பிளக்க புடுங்குங்க, ரெண்டும் முடியலன்னா காஞ்ச கட்டையால வயர தள்ளி விடுங்க. ஆம்புலன்ஸுக்கு 995க்கு அடிங்க, மூச்சு இல்லன்னா ஒடனே சிபிஆர் (நெஞ்ச அமுக்கி குடுக்குற முதலுதவி) ஆரம்பிங்க, இன்னொருத்தர கீழ அனுப்பி ஏஇடி (நின்னு போற இதயத்துக்கு ஷாக் குடுக்குற பெட்டி) எடுத்துட்டு வரச் சொல்லுங்க, நெறைய எச்டிபி பிளாக்குல லிஃப்ட் லாபில மாட்டி வச்சிருக்காங்க. ஷாக் அடிச்சவரு எந்திரிச்சு உக்காந்து "ஒண்ணும் இல்லண்ணே"ன்னு சொன்னாலும் அன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, 230 வோல்ட், இந்த கையில புடிச்சிருந்தாரு, இவ்வளவு நேரம்னு தெளிவா சொல்லி இதயத்துக்கு ஈசிஜி எடுக்கணுமான்னு கேளுங்க.