பதிவேட்டில் இருக்கும், அலமாரியில் இருக்காது: பட்டியலாக்கப் பிரிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி நூலகங்களில் மார்ச் மாதம் புத்தகம் வந்து குவியும். நிதியாண்டு முடிவதற்குள் மானியத்தைச் செலவழித்தாக வேண்டும். பில் பாஸாக வேண்டுமானால், நூலைப் பதிவேட்டில் ஏற்றியதற்கு பில்லின் பின்பக்கம் அக்சஷன் எண்ணோடு (ஒவ்வொரு பிரதிக்கும் தரும் வரிசை எண்) சான்று எழுத வேண்டும். ஆகவே அக்சஷன் வேலை மட்டும் மளமளவென்று முடிந்துவிடும். மார்ச் 31 தாண்டியதும் அந்தக் கட்டுகளை யாரும் சீண்டுவதில்லை; வாசகர் தேடிக் கண்டுபிடிப்பதற்கான பதிவை எழுதும் பட்டியலாக்க வேலை அப்படியே நிற்கும். கணக்குப்படி புத்தகம் வந்தாயிற்று, தேடி வரும் மாணவருக்குத்தான் கிடைக்காது.

ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்பார்கள். அது பாதி உண்மை. எளிய புத்தகமும் சிக்கலான புத்தகமும் ஒரே வரிசையில் நிற்பதுதான் மீதி. ஏற்கெனவே இருக்கும் நூலின் இரண்டாம் பிரதி வந்தால் பழைய பதிவில் பிரதி விவரத்தைச் சேர்த்தால் போதும். பெரும்பாலான ஆங்கிலப் பாடநூல்களுக்கு, கோஹா நூலக மென்பொருளில், பிற நூலகங்களின் பதிவுகளைத் தேடி எடுக்க உதவும் இசட்39.50 நெறிமுறை வழியாகத் தேடினால் ஆயத்தப் பதிவே கிடைத்துவிடும். முன்னால் இருக்கும் பழைய குறுவெளியீட்டுக்கு ஆசிரியர் யாரென்று தெரியவில்லை என்பதற்காக இவையெல்லாம் ஏன் காத்திருக்க வேண்டும்? கட்டைப் பிரிக்கும்போதே மூன்றாகப் பிரித்துவிடுங்கள்: பிரதி சேர்ப்பவை, பதிவு இறக்கிக்கொள்பவை, நாமே புதிதாக எழுத வேண்டியவை.

இறக்கிய பதிவை அப்படியே சேமிப்பது அடுத்த தவறு. தமிழ் நூல்களில் இது கையைக் கடிக்கும். அமெரிக்க காங்கிரஸ் நூலகப் பதிவுகளில் தமிழ்த் தலைப்பு, தலைப்புக்கென உள்ள 245ஆம் புலத்தில் ரோமன் எழுத்தில் இருக்கும். தமிழ் எழுத்து சேர்த்திருந்தால் அது வேற்று எழுத்து வடிவத்துக்கான 880ஆம் புலத்தில் இருக்கும். சேர்க்கவில்லையென்றால், தமிழில் தட்டித் தேடுபவருக்கு அந்தப் புத்தகம் கண்ணில் படவே படாது.

ஆசிரியர் பெயரில் நடக்கும் குளறுபடி தனி ரகம். சுஜாதாவும் எஸ். ரங்கராஜனும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும், மென்பொருளுக்கு யார் சொல்வது? முதலெழுத்து முன்னால் ஒரு பதிவில், பின்னால் இன்னொன்றில், ஆங்கில எழுத்தில் மூன்றாவதில் என்று ஒரே எழுத்தாளர் மூவராகிவிடுவார். பெயருக்கு ஒரு வடிவம், மற்ற வடிவங்களிலிருந்து சுட்டுக் குறிப்பு என்று அதிகாரப் பட்டியலை ஒருமுறை எழுதி வைத்தால், ஒவ்வொரு முறையும் யோசித்து நிற்கும் நேரம் மிச்சம்.

யூனிகோடிலும் ஒரு பொறி உண்டு. 'கொ' என்பதில் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் உள்ளிடலாம். திரையில் வேறுபாடு தெரியாது. தேடல் அமைப்பில் இதைச் சீராக்கி வைக்காவிட்டால் ஒன்றைத் தேடினால் மற்றது வராது. யூனிகோடுக்கு முந்தைய டாம், டாப் எழுத்துருக்களில் ஏற்றிய தரவை மாற்றாமல் புதிய மென்பொருளுக்குள் கொட்டுவது இதைவிட மோசம்.

வகைப்பாட்டில் அளவுக்கு மீறி நுணுக்கம் வேண்டாம். நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் தரும் டியூயி முறையில் தமிழ்ப் புனைகதைக்கு 894.8113. அதோடு ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துகள் சேர்ந்தால் சிறிய நூலகத்துக்கு அது தாராளம். பதிவு முழுமையாகும்வரை நூலை உள்ளே பூட்டி வைப்பதும் வேண்டாம். தலைப்பு, ஆசிரியர், பார்கோடு மட்டும் கொண்ட சுருக்கப் பதிவு இருந்தால்கூட வாசகர் கேட்டு வாங்க முடியும். அப்படிக் கேட்கப்பட்ட நூலுக்கு முதலில் முழுப் பதிவு எழுதலாம். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொன்ன நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் நான்காம் விதி இந்த மேசைக்கும் பொருந்தும்.

விடுமுறையில் மாணவர்களைத் திரட்டி ஒரே மூச்சில் தேக்கத்தைத் தீர்க்கும் திட்டங்கள் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மாதம் 300 நூல் வந்து 250 மட்டும் முடிந்தால், ஆண்டுக் கடைசியில் 600 மறுபடி நிற்கும். முடித்த எண்ணிக்கையை மட்டும் அறிக்கையில் காட்டாமல், வந்த எண்ணிக்கையையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

நன்கொடை என்று வருவதை மறுக்கத் தயங்குவது கடைசித் தவறு. வீடு மாறுகிறவர்கள் தரும் மூட்டையில் காலாவதியான கைடுகளே பாதி இருக்கும். தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளும் உரிமை நூலகத்துக்கு உண்டு என்று எழுதி, மூட்டையை இறக்கும் முன்பே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.