போர்க்கால முதற்பதிப்புகளைச் சேர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வெளிவந்த நூல்களின் முதற்பதிப்புகளைத் தேடத் தொடங்கியிருக்கும் சிலர், தாங்கள் வாங்கியவற்றை அண்மையில் என்னிடம் கொண்டுவந்து காட்டினர். அவர்களுடைய ஆர்வம் எனக்கு மகிழ்ச்சி தந்தது. ஆயினும், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழைகள் அவர்கள் கையிலும் திரும்ப நிகழ்ந்திருந்ததைக் கண்டு வருந்தினேன். பக்கங்களை எண்ணிப் பார்க்காமல் வாங்குவது, ஈரச் சுவரோரம் அடுக்கி வைப்பது போன்றவற்றை எவரும் சொல்லாமலே அறிவர் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

தாளைப் பார்த்துப் பதிப்பை முடிவு செய்தல்

மெலிந்த, பழுப்பேறிய தாளும் நெருக்கமான எழுத்தும் குறுகிய ஓரங்களும் கொண்ட நூலைக் கண்டதும், அது மலிவான மறுபதிப்பு என்று எண்ணிப் புதியவர்கள் ஒதுக்கிவிடுகின்றனர். பிரிட்டனில் 1940இல் தாளுக்குப் பங்கீடு வந்தபோது, பதிப்பகங்களுக்குப் போருக்கு முன் அவை பயன்படுத்திய அளவில் 60 சதவீதமே முதலில் கிடைத்தது. பின்னர் அது 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. நார்வே ஜெர்மானியர் வசமானதும் மரக்கூழ் வரத்து நின்றது. வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்த எஸ்பார்ட்டோ புல்லும் கிடைக்காமல் போக, வைக்கோலைக் கொண்டு தாள் செய்ய நேர்ந்தது. 1942 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த போர்க்காலச் சிக்கன உடன்பாடு, எழுத்தின் அளவையும் ஓரங்களின் அகலத்தையும் தாளின் எடையையும்கூட வரையறுத்தது. ஆகவே 1943இல் லண்டனில் வெளிவந்த முதற்பதிப்பு மெலிந்துதான் இருக்கும். அதே நூலின் அமெரிக்கப் பதிப்பு தடித்த தாளில் அழகாக இருப்பதால் அதுவே முந்தியது என்று கொள்வது, என்னிடம் வந்தவர்களில் இருவர் செய்திருந்த பிழை. எந்த நாட்டில் நூல் முதலில் வெளிவந்தது என்பதை, அந்த ஆசிரியரின் நூல்களுடைய பதிப்பு விவரங்களைத் தொகுத்துத் தரும் நூற்பட்டியலில்தான் தேட வேண்டும். தாளின் தரம் அதைச் சொல்லாது.

பதிப்புரிமைப் பக்கத்தை இன்றைய வழக்கப்படி படித்தல்

இன்றைய நூல்களில் எத்தனையாவது அச்சு என்பதைக் காட்டும் எண்வரிசை, போருக்குப் பின்னரே பரவிய வழக்கம். போர்க்கால நூலில் அதைத் தேடிக் கிடைக்காமல் கைவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவின் ஸ்க்ரிப்னர்ஸ் பதிப்பகம் முதல் அச்சில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தைப் பொறித்தது. பிரிட்டிஷ் பதிப்பகங்கள் பெரும்பாலும் முதல் வெளியீட்டு ஆண்டை மட்டும் குறித்து, மறு அச்சுகளை அதன் கீழே வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போயின. விரித்த புத்தகத்தின் மேல் சிங்கம் அமர்ந்திருக்கும், போர்க்காலச் சிக்கன உடன்பாட்டின் சின்னத்தைச் சிலர் முதற்பதிப்பின் முத்திரையாகவே கருதுகின்றனர். அந்தச் சின்னம் மறு அச்சுகளிலும் உண்டு; போர் முடிந்த பிறகும் சில காலம் தொடர்ந்து அச்சிடப்பட்டது. அச்சிடப்பட்ட மாதத்தையும் முழுமையாக நம்புவதற்கில்லை. ஜார்ஜ் ஆர்வெலின் ‘அனிமல் ஃபார்ம்’ நூலின் முதற்பதிப்பில் 1945 மே என்று அச்சாகியிருக்கிறது. நூல் கடைக்கு வந்ததோ ஆகஸ்டில்.

நூலுக்கு உரியதல்லாத மேலுறைக்கு விலை கொடுத்தல்

மற்ற எல்லாத் தவறுகளையும்விட இதைப் பற்றியே நான் விரிவாக எழுத விரும்புகிறேன். இத்தனை ஆண்டுகள் கழித்தும் என்னை உறுத்திக்கொண்டிருப்பது இது ஒன்றுதான்.

போர்க்கால நூலின் விலையில் பெரும்பங்கு, டஸ்ட் ஜாக்கெட் எனப்படும் தாள் மேலுறைக்கே போகிறது. அக்காலத்தில் மக்கள் அதை எடுத்து எறிந்தனர், அல்லது பழந்தாள் சேகரிப்புக்குக் கொடுத்தனர். எஞ்சியவை மெலிந்த தாளால் ஆனவை என்பதால் மடிப்புகளில் கிழிந்தன. அதனால் பிந்திய அச்சுக்குரிய நல்ல மேலுறை ஒன்றை, மேலுறை இல்லாத முதல் அச்சுப் பிரதிக்குப் போர்த்திவிடுவது நெடுநாளாக நடந்துவருகிறது. இது எப்போதும் ஏமாற்று நோக்கத்தோடு செய்யப்படுவதன்று. ஒரே நூலின் இரண்டு பிரதிகளை வைத்திருந்த ஒருவர், கிழிந்ததை நீக்கி நல்லதை மாட்டியிருக்கவும் கூடும். வாங்குபவருக்கு ஏற்படும் இழப்பு மட்டும் எப்படியும் ஒன்றே.

நான் 1941இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் நாவலை, பளிச்சென்ற மேலுறையோடு, பல மாதச் சேமிப்பைக் கொடுத்து ஒரு வணிகரிடம் வாங்கினேன். பதிப்புரிமைப் பக்கத்தை மூன்று முறை சரிபார்த்தேன். அது ஐயமற்ற முதல் அச்சு. மேலுறை, அட்டையின் உயரத்துக்குச் சில மில்லிமீட்டர் குறைந்திருந்ததைப் பார்த்தும், பழைய தாள் சுருங்கியிருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இரண்டாண்டுகள் கழித்து வேறொரு விவரத்துக்காக அதன் பின்பக்கத்தில் இருந்த பதிப்பக விளம்பரத்தைப் படித்தபோது, 1944இல் முதன்முதலாக வெளிவந்த நூல் ஒன்றின் பெயர் அதில் இருந்தது. மேலுறை ஒரு பிந்திய அச்சுக்கு உரியது. சிக்கன உடன்பாட்டின் கீழ் சிறிதாக்கப்பட்ட நூலுக்காக வெட்டப்பட்டதால்தான் அது உயரம் குறைந்திருந்தது. நான் எழுதியபோது, இத்தனை காலம் கடந்த பின் திரும்பப் பெற முடியாது என்று வணிகர் பதிலளித்தார். வாங்கிய நாளிலேயே பத்து வரிகளைப் படித்திருந்தால் போதும் என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை.

ஆகவே மேலுறையை நூலிலிருந்து தனியான ஓர் ஆவணமாகக் கருதி முழுவதும் படியுங்கள். பின்பக்க விளம்பரத்திலுள்ள ஒவ்வொரு நூலின் வெளியீட்டு ஆண்டையும் தேடிப் பாருங்கள். முன் உள்மடிப்பில் அதே நூலைப் பற்றிய மதிப்புரை வரிகள் இருந்தால், அது நூல் வெளிவந்த பின் அச்சானது என்று ஐயுறலாம். போருக்கு முன் பிரிட்டனில் புதிய நாவலின் வழக்கமான விலை 7 ஷில்லிங் 6 பென்ஸ். போரின்போது அது ஏறிக்கொண்டே போனது. உள்மடிப்பில் விலை அச்சான மூலை வெட்டப்பட்டிருந்தால், வெட்டியவர் அன்பளிப்புக்காக வெட்டினாரா, பிந்திய விலையை மறைக்க வெட்டினாரா என்பதை நீங்கள் அறிய வழியில்லை. அந்த ஐயத்துக்கு ஏற்ப விலையும் குறைய வேண்டும்.

அடுத்து, மேலுறையைக் கழற்றி நூலைப் பாருங்கள். முதுகுத்துணி வெளுத்திருக்க மேலுறையின் முதுகு நிறம் மாறாமல் இருந்தால், அந்த இரண்டும் ஒன்றாக வெயிலைக் கண்டதில்லை. அமிலத்தன்மையுள்ள உள்மடிப்பு, தான் படிந்திருந்த வெற்றுத்தாளில் பழுப்பு நிழலை விடும். அந்த நிழலின் அகலம் இப்போதைய மடிப்பின் அகலத்தோடு பொருந்த வேண்டும். என் நூலில் நிழல் மடிப்பைவிட ஒரு விரல்கடை அகலமாக இருந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்றுகூட அன்று நான் அறிந்திருக்கவில்லை.

புதிதாக அச்சிட்ட நகல் மேலுறைகளும் சந்தையில் உண்டு. புற ஊதா விளக்கின் கீழ் தாள் நீலவெண்மையாக ஒளிர்ந்தால், அதில் ஒளிர்வூட்டும் வேதிப்பொருள் கலந்திருக்கிறது; போர்க்காலத் தாளில் அதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் இந்த எச்சரிக்கையை மனத்தில் கொண்டு, உண்மையானவற்றையும் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. தாள் தட்டுப்பாட்டால் பயன்படாத பழைய மேலுறைகளின் வெற்றுப் பின்புறத்தில் புதியவற்றை அச்சிட்டதுண்டு. மேற்சொன்ன ஆர்வெல் நூலின் முதற்பதிப்புப் பிரதிகள் சிலவற்றின் மேலுறையைத் திருப்பினால், அதே பதிப்பகத்தின் ‘சர்ச்லைட் புக்ஸ்’ வரிசையின் அச்சு தெரியும். ஹெமிங்வேயின் ‘ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ்’ நூலின் 1940ஆம் ஆண்டு மேலுறையில், பின்பக்கப் படத்தின் கீழ் ஒளிப்படக் கலைஞரின் பெயர் இல்லாததே முந்தியது. இத்தகைய நுட்பங்களை நூற்பட்டியலின்றி ஊகத்தால் அறிய இயலாது.

வாங்கும் முன், மேலுறை அந்த அச்சுக்கே உரியதா என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதத் தயங்குபவரிடம், மேலுறை இல்லாத பிரதியின் விலைக்கு மேல் தராதீர்கள்.

அச்சிட்ட எண்ணிக்கையே அருமையின் அளவு என்று எண்ணுதல்

1940 டிசம்பர் 29 இரவு ஜெர்மானிய விமானக் குண்டுவீச்சில் லண்டனின் பதிப்பகத் தெருவான பேட்டர்நாஸ்டர் ரோ எரிந்தபோது பதிப்பகங்களின் கிடங்குகளில் இருந்த பல இலட்சம் நூல்கள் அழிந்தன. அச்சானவை எத்தனை என்பதைவிட, விற்றுப்போய்த் தப்பியவை எத்தனை என்பதே கேள்வி.

படைவீரர் பதிப்புகளை முதற்பதிப்பு விலைக்கு வாங்குதல்

1943 முதல் 1947 வரை அமெரிக்கப் படைவீரர்களுக்காக அச்சான ஆர்ம்டு சர்வீசஸ் எடிஷன்ஸ் 1,322 தலைப்புகளில் 12 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் வந்தன. சட்டைப் பைக்குள் அடங்கும் அந்த அகலவாட்டச் சிறுநூல்களை நான் விரும்பிச் சேர்க்கிறேன். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மறுபதிப்புகளே.

நூலக முத்திரை உள்ள பிரதிகள்

படிப்பதற்கு வாங்குங்கள், சேகரிப்புக்கு வேண்டாம்.

அழகுபடுத்துதல்

பசைநாடாவை ஒட்டாதீர்கள்; பசை தாளுக்குள் இறங்கிய பின் அதை எவராலும் முழுமையாக எடுக்க முடியாது. துணி அட்டை மங்கிவிட்டதென்று தோல் அட்டை போட்டுக் கட்டாதீர்கள். பதிப்பக அட்டை போனால் முதற்பதிப்பின் மதிப்பில் பெரும்பகுதி அதோடு போய்விடும். தைப்பதற்குப் பதிலாகக் கம்பி ஊசியால் இணைத்த நூல்களில் துரு தாளைத் தின்னத் தொடங்கியிருந்தால், நீங்களே பிடுங்காமல் காப்புப் பணி அறிந்தவரிடம் கொடுங்கள். போரின் நடுவே விலை ஏறியபோது பதிப்பகமே உள்மடிப்பில் ஒட்டிய சிறு விலைச்சீட்டை அழுக்கு என்று நினைத்து நீராவியில் காட்டிப் பிரித்தெடுத்திருந்தார், என்னைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர். அந்தப் பிரதி எந்த மாதத்துக்குப் பிறகு கடையில் விற்கப்பட்டது என்பதற்கு இருந்த ஒரே சான்று அந்தச் சீட்டுதான்.