ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதியவரைப் பார்த்துக்கொள்வதில் நாம் செய்யும் தவறுகள்

"நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்" என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வரும். துணிமணியை மடித்துப் பையில் வைப்போம், பில்லைக் கட்டுவோம், வண்டிக்குச் சொல்வோம். அந்த அவசரத்திலேயே முதல் தவறு நடந்துவிடுகிறது. வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றால் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கும் அளவுக்கு இப்போது எதுவும் இல்லை என்பதுதான் டிஸ்சார்ஜுக்கு அர்த்தம். ஷிஃப்ட் மாற்றி மாற்றி நர்ஸ்கள் பார்த்த வேலை இனி நம் தலையில்.

இந்த முதல் சில வாரங்களை நான் ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், அவை உண்மையிலேயே ஆபத்தான வாரங்கள். ஹார்லன் க்ரம்ஹோல்ஸ் என்ற அமெரிக்க இதயநோய் மருத்துவர் 2013இல் இந்த நிலைக்கு ஒரு பெயரே வைத்தார்: ஆஸ்பத்திரிக்குப் பிந்தைய நோய்க்குறி. அந்த நாட்டில் முதியோருக்கான அரசுக் காப்பீட்டின் கீழ் சிகிச்சை பெற்றுப் போனவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் 30 நாளுக்குள் திரும்ப வருகிறார், அதுவும் பெரும்பாலும் முதலில் சேர்ந்த நோய்க்காக அல்ல என்பதை அவர் எடுத்துக்காட்டினார். நிமோனியாவுக்குச் சேர்ந்தவர் அடுத்த முறை கீழே விழுந்து வருவார். தூக்கம் கெட்டு, சரியாகச் சாப்பிடாமல், படுத்தே கிடந்து, புது மருந்துகளில் தடுமாறி, உடம்பு எதையும் தாங்க முடியாத நிலையில் இருக்கிறது. ஏற்பாடுகளையெல்லாம் இதை மனதில் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

அந்த ஏற்பாடுகளை வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது அடுத்த தவறு. எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று கேட்கும்போதே, அப்போது அவரால் என்னென்ன தானாகச் செய்ய முடியும் என்றும் கேளுங்கள். டாக்டரைவிட வார்டு நர்ஸுக்கு இது நன்றாகத் தெரியும். ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறார், எழுப்ப ஒரு ஆள் போதுமா இரண்டு பேர் வேண்டுமா, விழுங்கும்போது இருமுகிறாரா என்று கேளுங்கள். இன்சுலின் ஊசியோ, புண்ணுக்குக் கட்டுப் போடுவதோ, டியூப் வழியாக உணவு கொடுப்பதோ இருந்தால், நர்ஸ் செய்து காட்ட நாம் தலையாட்டுவது போதாது. நாம் செய்ய வேண்டும், நர்ஸ் பார்க்க வேண்டும். இரண்டு முறை கேட்டாலும் தப்பில்லை.

மருந்துதான் பெரிய இடறல்

என் அம்மா வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை, கட்டிலிலிருந்து எழுந்தவர் அப்படியே திரும்பச் சரிந்து உட்கார்ந்துவிட்டார். பிரஷர் பார்த்தால் மேல் அளவு 90. மாத்திரையெல்லாம் நான்தான் சீட்டைப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் மாறவில்லை. பிறகுதான் அலமாரியில் அவருடைய பழைய மாத்திரை டப்பா கண்ணில் பட்டது. எட்டு வருஷப் பழக்கம்; காலையில் எழுந்ததும் அதிலிருந்து ஒன்றை அவரே போட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு அட்டையையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தேன். பெயர் வேறு, நிறம் வேறு, கம்பெனி வேறு. பொடி எழுத்தில் இருந்த மூலப்பெயர் மட்டும் இரண்டிலும் ஒன்றே: பிரஷரைக் குறைக்கும் அம்லோடிபின்.

அதனால் சொல்கிறேன், வந்த அன்றைக்கே வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் மேஜையில் கொட்டுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொடர வேண்டியது, நிறுத்த வேண்டியது, புதிதாக வந்தது என்று பிரியுங்கள். கம்பெனி வைத்த பெயரை நம்பாமல் மூலப்பெயரைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடமோ மருந்துக் கடையில் இருக்கும் மருந்தாளுநரிடமோ அந்தக் குவியலை அப்படியே காட்டலாம். நிறுத்தச் சொன்னவை அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது.

சில மருந்துகளைத் தற்காலிகமாக நிறுத்தியிருப்பார்கள். ஆபரேஷனுக்காக நிறுத்திய, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை அப்படித்தான். அதை எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது என்று எழுதி வாங்காமல் வந்தால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. விழுங்கச் சிரமப்படுகிறார் என்று எல்லா மாத்திரையையும் பொடித்துக் கொடுப்பதும் தவறு. மெதுவாகக் கரைவதற்காகவே செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்தால், நாள் முழுக்கச் சேர வேண்டிய மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். பொடிக்கலாமா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், ஆஸ்பத்திரியில் எடுத்த பரிசோதனைகளில் முடிவு வராதது ஏதாவது இருக்கிறதா, அதை யார் யாரிடம் கேட்பது என்பதையும்.

"ஓய்வெடுக்கட்டும்" என்பது

பாசத்தால் செய்யும் தவறு இது. தண்ணீர், தட்டு, செய்தித்தாள் எல்லாம் கட்டிலுக்கே வந்துவிடும். ஆரோக்கியமான முதியவர்களையே 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், அவர்கள் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோயில் கிடந்தவருக்கு இன்னும் கூடப் போகும். டாக்டர் நடக்கக் கூடாது என்று சொல்லாதவரை, சாப்பாட்டுக்கு நாற்காலிக்கு வரட்டும், கழிப்பறைக்கு நடந்தே போகட்டும். நாம் பக்கத்தில் நின்றால் போதும்.

ஆனால் எழுந்திருக்கும் விதம் முக்கியம். படுத்திருந்தவர் சட்டென்று நின்றால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். கட்டில் விளிம்பில் கால் தொங்கப் போட்டு ஓரிரு நிமிஷம் உட்கார்ந்து, பிறகு எழ வேண்டும். ராத்திரி கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும், கால்மிதியை எடுத்துவிடுங்கள். குளியலறையில் துண்டு போடும் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறோமே, அது ஆள் கனத்தைத் தாங்காது. சுவரில் இறுக்கமாகப் பதித்த கைப்பிடி தனியாக வேண்டும்.

எழவே முடியாதவர் என்றால் படுக்கைப் புண்ணைப் பற்றித்தான் முதல் கவலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பது வழக்கமான கணக்கு. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலைப் படுக்கையில் படாமல் தூக்கி வையுங்கள். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், உள்ளே இன்னும் நைந்துவிடும். விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மங்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது, உடனே காட்ட வேண்டும்.

சாயங்காலக் குழப்பம்

நேற்றுவரை தெளிவாகப் பேசியவர், இருட்டத் தொடங்கியதும் "வீட்டுக்குப் போகலாம்" என்று அடம்பிடிப்பார், இல்லாத ஆளைக் கூப்பிடுவார். வயசாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. திடீரென்று வரும் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடம்பில் நீர் வற்றுவது, புது மருந்து என்று பின்னால் ஏதோ ஒன்று இருக்கும். அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லுங்கள். பேச்சு குறைந்து நாள் முழுக்கத் தூங்கி வழிவதும் இதே குழப்பத்தின் இன்னொரு முகம்தான். சத்தம் போடாததால் யாரும் கவனிப்பதில்லை, அதுதான் எனக்குப் பயம். அவரிடம் வாதம் செய்யாமல், வெளிச்சம் போட்டு, தெரிந்த முகம் பக்கத்தில் உட்கார்ந்தாலே பாதி அடங்கும். மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பல்செட் இவற்றை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வருபவர்கள் நிறைய. பார்க்கவும் கேட்கவும் முடியாதவர் குழம்பாமல் என்ன செய்வார்?

எந்தெந்த அறிகுறி வந்தால் காத்திருக்காமல் கிளம்ப வேண்டும், ராத்திரி எந்த எண்ணுக்குப் போன் செய்வது என்பதை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இதயம் பலவீனமானவர் என்றால் தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்வார்கள். ஓரிரு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் கூடினால் அது பெரும்பாலும் சதை அல்ல, உடம்பில் தேங்கும் நீர்.

ஆள் வைத்துவிட்டால் போதுமா

போதாது. உதவிக்கு வரும் பராமரிப்பாளரும் பயிற்சி பெற்ற நர்ஸும் ஒன்றல்ல. குளிப்பாட்டுவது, நடக்க வைப்பது வேறு. ஊசியும், சிறுநீர் போக வைக்கும் குழாயான கதீட்டரும் வேறு. எந்த வேலைக்கு ஆள் தேவை என்று முதலில் எழுதிப் பார்த்துவிட்டுத் தேடுங்கள். வந்த முதல் இரண்டு மூன்று நாள் கூடவே இருங்கள். எப்படித் தூக்குகிறார் என்று பாருங்கள். பக்கவாதம் வந்தவரின் வலுவிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு நழுவிவிடும், பலருக்கு இது தெரியாது. இருபத்துநாலு மணி நேர ஆள் என்றாலும் அவரும் தூங்க வேண்டும். அவர் லீவு போடும் நாளுக்கு யார் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

வீட்டு ஆட்களுக்கும் இதே கதைதான். பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோ எல்லாவற்றையும் சுமப்பார், மற்றவர்கள் போனில் விசாரிப்பார்கள். தூரத்தில் இருப்பவர் செய்யக்கூடிய வேலையும் உண்டு. மருந்து தீரும் முன் வாங்க ஏற்பாடு செய்யலாம், டாக்டர் தேதியைக் கவனிக்கலாம், மாதத்தில் ஒரு வாரம் வந்து தங்கலாம்.

கடைசியாக ஒன்று. அம்மாவைக் குளிப்பாட்ட ஆள் வைத்தபோது அவரிடம் நாங்கள் கேட்கவே இல்லை. இரண்டு நாள் குளிக்க மாட்டேன் என்று படுத்துவிட்டார். பிடிவாதம் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் என் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு எப்படிம்மா வேணும்?" என்று கேட்டாள். "முதுகை மட்டும் தேச்சுவிடச் சொல்லு. மத்ததை நானே பாத்துக்கறேன்" என்றார். குளியலறையில் வழுக்காத ஸ்டூல் ஒன்று போட்டோம். கதவைச் சாத்தாமல் ஒருக்களித்து வைத்து, வெளியே அந்தப் பெண் நின்றுகொள்ள, அன்றைக்கு அவரே குளித்தார்.