பழைய காரின் முன், பின் கண்ணாடிகளை உடைக்காமல் கழற்றுவது எப்படி?

பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் கண்ணாடியைக் கழற்றியே ஆக வேண்டும். சுற்றி டேப் ஒட்டி அடித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், ரப்பருக்கு அடியில்தான் துரு உட்கார்ந்திருக்கும், அதிலும் கீழ் மூலைகளில்.

கண்ணாடியைச் சுற்றித் தடித்த ரப்பர் பீடிங் இருக்கும் கார்களுக்குத்தான் இந்தப் பதிவு. பசை போட்டு ஒட்டியது என்றால் கம்பி விட்டு அறுக்க வேண்டும், அது வேறு வேலை.

முதலில் கண்ணாடியின் மூலையில் இருக்கும் முத்திரையைப் படியுங்கள். லேமினேட்டட் என்றால் 2 கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. விரிசல் விடும், சிதறாது. டெம்பர்டு என்றால் விரிசல் விடும் பழக்கமே கிடையாது, ஓரத்தில் ஒரு சின்ன அடி பட்டால் மொத்தமும் பொலபொலவென்று கொட்டிவிடும். பின் கண்ணாடி பெரும்பாலும் இந்த ரகம்தான்.

வைப்பர் கைகள், உள்ளே இருக்கும் ரியர் வியூ மிரர், சன் வைசர் எல்லாம் வெளியே வரட்டும். குரோம் பட்டை இருந்தால் அவசரப்படாதீர்கள். பல கார்களில் 2 பட்டைகள் சேரும் இடத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதை நகர்த்திவிட்டு அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருவுங்கள். ஒருமுறை மடங்கிய பட்டை பழையபடி நேராகவே ஆகாது.

சரி, ரப்பர். பழைய ரப்பரைக் காப்பாற்ற நினைப்பது வீண் வேலை என்பது என் கட்சி. இறுகிப்போன ரப்பரைத் திரும்பப் போட்டால் தண்ணீர் ஒழுகும். ஆனால் புது ரப்பர் கைக்கு வந்த பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும். கட்டரில் புது பிளேடு போட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியின் மேல் படிந்திருக்கும் வெளி உதட்டை மட்டும் சுற்றிலும் அறுத்தெடுங்கள். பிளேடின் முனை பெயின்ட் பக்கம் திரும்பக் கூடாது.

நான் கோட்டை விட்டது இதற்கு அடுத்த இடத்தில். ரப்பரை அறுத்தாயிற்று என்று உள்ளே உட்கார்ந்து தள்ளினேன், மேல் பக்கம் அழகாக வந்தது, கீழே மட்டும் வரவில்லை, இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். இடது கீழ் மூலையிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு கோடு மெதுவாக மேலே ஏறியது. பார்த்தால், முன்பு எப்போதோ ஒழுகலை நிறுத்த யாரோ அந்த மூலையில் சீலன்டை ரொப்பி வைத்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் தள்ளுவதற்கு முன் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே விட்டு முழுச் சுற்றும் ஓட்டிப் பார்க்கிறேன். எங்கே நிற்கிறதோ அங்கே சீலன்ட் இருக்கிறது. ஹேர் டிரையரால் சூடு காட்டி, தூண்டில் நரம்பை உள்ளே விட்டு ரம்பம் போல இழுத்தால் அறுந்துவிடும். அட்டை தடங்கலில்லாமல் சுற்றி வரும்வரை கண்ணாடியில் கை வைக்காதீர்கள்.

தள்ளும்போது வெளியே ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும், தனியாகச் செய்யாதீர்கள். உள்ளங்கையை விரித்து, மேல் மூலைக்குப் பக்கத்தில், நிதானமாக அழுத்துங்கள். நடுவில் அழுத்தக் கூடாது. படுத்துக்கொண்டு காலால் உதைப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

பின் கண்ணாடிக்கும் இதே முறைதான். டீஃபாகர் (கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தைச் சூட்டால் போக்கும் கோடுகள்) ஒயர் இருந்தால் முதலில் கழற்றுங்கள். நெம்புவதற்கு ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் அல்லது மர ஆப்பு போதும். பின் சீட்டின் மேல் ஒரு போர்வையை விரித்துவிடுங்கள், உடைந்தால் அந்தப் பொடி மாதக்கணக்கில் கிடைத்துக்கொண்டே இருக்கும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

கழற்றியதைத் தரையில் படுக்கப் போடாதீர்கள். பழைய கம்பளத்தின் மேல் நிறுத்தி, சுவரில் சாய்த்து வையுங்கள்.

பிற்சேர்க்கை: ரப்பரை உருவும்போது ரூஃப் லைனிங் துணியும் கூடவே கிழிந்து வந்துவிட்டதாக, இந்தப் பதிவைப் படித்த ஒருவர் எழுதியிருந்தார். எழுதாமல் விட்டது என் தப்பு. பல கார்களில் அந்தத் துணியின் ஓரத்தை பாடி விளிம்பில் மடித்து, அதன் மேல்தான் ரப்பரை ஏற்றியிருப்பார்கள். மேல் பக்க ரப்பரை வெடுக்கென்று இழுக்காமல் ஒரு சாண், ஒரு சாணாக எடுங்கள். துணி வெளிப்பட வெளிப்பட, துணி காயப்போடும் கிளிப்பால் விளிம்போடு கவ்வி வையுங்கள்.