தேதியை யார் எழுதினார்? வாக்குத்தத்தத்துக்காகக் காத்திருக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சபைகள் பலவற்றில் வாக்குத்தத்த அட்டைகள், அதாவது தேவனுடைய வாக்குறுதியாக ஒரு வேத வசனம் அச்சிட்ட அட்டைகள், ஒரு தட்டில் வைக்கப்படுகின்றன. ஜெபித்துவிட்டு ஆளுக்கொன்று எடுத்து, வேதாகமத்துக்குள் செருகிக்கொண்டு வீடு திரும்புகிறோம். அந்தப் பழக்கத்தில் குற்றமில்லை. ஆனால் அட்டையில் இல்லாத ஒன்றை, அதாவது "இந்த வருஷத்துக்குள்" என்ற கெடுவை, வீட்டுக்குப் போகும் வழியிலேயே நாம் சேர்த்து எழுதிவிடுகிறோம். மகனின் அரசு வேலை, மகளின் திருமணம், குழந்தைக்கான ஏக்கம், அடகில் கிடக்கும் நிலம் என்று வீட்டுக்கு வீடு ஒரு காரியம் இருக்க, ஆடியும் ஆவணியும் தாண்டி அது நடக்காதபோது, தேவன் சொன்ன சொல் தவறிவிட்டார் என்று மனம் தீர்மானித்துக்கொள்கிறது. கெடு வைத்தவர் நாம் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

அடிக்கடி கையில் வரும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்கும் நம் பழைய மொழிபெயர்ப்பைப் படிக்கிறவர், தாம் எதிர்பார்க்கிற முடிவு எதுவோ அதுவே வந்து சேரும் என்று எண்ணிக்கொள்வது இயல்புதான். எபிரேயத்தில் அவ்விடத்தில் இருப்பவை எதிர்காலம், நம்பிக்கை என்ற பொருள் தரும் இரண்டு சொற்கள். நம் விருப்பப் பட்டியலுக்குத் தேவன் கையொப்பம் இட்டதாக அவற்றிலிருந்து எடுக்க முடியாது. அதைவிடப் பெரிய செய்தி முந்தைய வசனத்தில் இருக்கிறது: பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பின்பே உங்களைச் சந்திப்பேன் என்கிறார் கர்த்தர். இது எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம். அப்படிப் போன முப்பது வயதுக்காரர் ஒருவர் அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டதைக் கேட்டிருந்தால், திரும்பப்போவது தாம் அல்ல, தம் பேரப்பிள்ளைகளே என்ற கணக்கு அவருக்கு அங்கேயே விளங்கியிருக்கும். ஆறுதலாக நாம் சுவரில் மாட்டும் வசனம், அதை முதலில் கேட்டவர்களுக்கு அவ்வளவு இலேசான ஆறுதல் அல்ல.

இதற்கு முந்தைய அதிகாரத்திலேயே, அனனியா என்ற தீர்க்கதரிசி பாபிலோனுக்குப் போனதெல்லாம் இரண்டு வருஷத்தில் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக அறிவித்தான். கேட்க இனிமையாக இருந்த அந்தச் செய்தியைக் கர்த்தர் அனுப்பவில்லை என்று எரேமியா சொல்ல வேண்டியதாயிற்று. மாதந்தோறும் நாள் குறித்துக் கொடுக்கும் குரல்கள் இன்று கைப்பேசியில் ஏராளம். 28ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துவிட்டு அவற்றைக் கேட்பது நல்லது.

அந்த 70 வருஷத்தையும் கையைக் கட்டிக்கொண்டு கழிக்கும்படி அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. வீடு கட்டுங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள் என்பதே கடிதத்தின் முதல் கட்டளை. மா வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒட்டுக்கன்று காய்ப்புக்கு வர மூன்று, நான்கு வருஷம் ஆகும். இளங்கன்றில் முதலில் வரும் பூவை, மரம் தழைக்கட்டும் என்று கிள்ளியும் விடுவார்கள். அதுவரை எந்த விவசாயியும் திண்ணையில் உட்கார்ந்திருப்பதில்லை. கன்றுகளுக்கு இடையில் நிலக்கடலையோ கொள்ளோ விதைத்து அந்த வருஷத்துக் கஞ்சியைப் பார்த்துக்கொள்கிறார். "கர்த்தர் வேலை தருவார்" என்று சொல்லி விண்ணப்பமும் போடாமல், படித்ததையும் மறந்துபோகவிட்டு இருப்பதை விசுவாசம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு நேர்மாறான தவறு, தேவனுடைய வேளைக்குக் காத்திராமல் நாமே கைவைத்து முடித்துவிடுவது. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழம் தோலில் மஞ்சளாகவும் கொட்டையருகே புளிப்பாகவும் இருப்பதை நாம் அறிவோம். உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடைசெய்தும் இருக்கின்றன. சந்ததியைக் குறித்த வாக்குத்தத்தம் பெற்ற ஆபிரகாம் ஆரான் என்ற ஊரை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு 75 வயது. கானானில் பத்து வருஷம் குடியிருந்தும் பிள்ளை இல்லாததால், மனைவி சாராயின் யோசனைப்படி அவளுடைய அடிமைப்பெண் ஆகாரைச் சேர்த்துக்கொண்டு 86ஆம் வயதில் இஸ்மவேலைப் பெற்றார். வாக்குப்பண்ணப்பட்ட மகன் ஈசாக்கு பிறந்தது அவருடைய 100ஆம் வயதில். இதைப் பிரசங்கிக்கும்போது நாம் ஆபிரகாமின் அவசரத்தோடு நிறுத்திவிடுகிறோம். அந்த அவசரத்தின் விலையைக் கொடுத்தவள், யாரும் அபிப்பிராயம் கேட்காத அடிமைப்பெண். வனாந்தரத்து நீரூற்றண்டையில் அவளைத் தேடி வந்தவர் கர்த்தருடைய தூதனானவர்தான், எஜமானர் அல்ல. நம் வீடுகளில் வாக்குத்தத்தத்தைச் சீக்கிரம் நிறைவேற்றுவதற்காகக் கந்துவட்டிக்கு வாங்கியும், வேலைக்கென்று இடைத்தரகருக்குக் கொடுத்தும் தீர்க்கப்படும் காரியங்களிலும், "கர்த்தர் செய்தார்" என்ற சாட்சியைச் சபையில் ஒருவர் சொல்ல, கடனைப் பல வருஷம் வேறொருவர் சுமக்கிறார்.

சுகம் தருவதாக வாக்குப்பண்ணினாரே என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு, வியாதிப்பட்டு மரணத்தறுவாயில் இருந்த எசேக்கியா ராஜாவின் கதை போதும். 15 வருஷம் ஆயுசு கூட்டப்பட்டதை அறிவித்த அதே ஏசாயா தீர்க்கதரிசி, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார்.

காத்திருக்கிறவரைவிட அவரைச் சுற்றியிருப்பவர்கள் செய்யும் தவறு கொடியது. திருமணமாகி ஏழெட்டு வருஷமாகக் குழந்தையில்லாத பெண்ணிடம், ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில், "விசுவாசம் இன்னும் கொஞ்சம் வேணும்மா" என்கிறோம். மறைவான பாவம் ஏதாவது உண்டோ என்றும் கேட்கிறோம். துன்பத்தில் கிடந்த யோபின் சிநேகிதர்கள் செய்ததும் இதையே, அவர்கள்மேல் கர்த்தருக்குக் கோபம் மூண்டது. 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் தாவீது "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறார். அந்தக் கேள்வியை ஜெபமாக ஏற்றுப் பாடல் புத்தகத்தில் வைத்திருக்கிறது வேதம். நாமோ அதைக் கேட்கிறவரை அவிசுவாசி என்று ஒதுக்குகிறோம்.

எல்லாம் நம் கண்முன் முடிந்தாக வேண்டும் என்று நினைப்பதும் ஒரு பிழை. "இவர்களெல்லாரும், வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையாமல்" தூரத்திலே கண்டு விசுவாசத்தோடே மரித்தார்கள் என்கிறது எபிரெயர் 11:13. தியோடர் நேத்தர் என்ற லுத்தரன் மிஷனெரி 1895இல் கிருஷ்ணகிரியில் பணியைத் தொடங்கி, 1904இல் பிளேக் நோயில் இறந்துபோனார். ஒன்பது வருஷத்துக்கும் குறைவான அந்த உழைப்பின் முடிவில் அவர் கண்டது சிறு மந்தையை மட்டுமே. அந்தத் தொடக்கத்திலிருந்துதான் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை பின்னாளில் உருவானது.