லாவெண்டர் என்று நினைத்து லாவண்டினைப் பூசாதீர்கள்

போன வாரம் குடியாத்தத்திலிருந்து அக்கா போன் செய்தாள். கைக்குழந்தைப் பேரனுக்குச் சளி, வீட்டில் லாவெண்டர் எண்ணெய் இருக்கு, நெஞ்சில் ரெண்டு சொட்டு தடவட்டுமா என்று கேட்டாள். பாட்டிலைத் திருப்பிப் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னேன். 'லாவண்டுலா இன்டர்மீடியா' என்று போட்டிருந்தது, லாவண்டின் செடியின் தாவரவியல் பெயர் அது. தடவாதே, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ என்றேன்.

முன்பக்கப் பெயரை மட்டும் பார்த்து வாங்குவதுதான் முதல் தவறு. அசல் லாவெண்டரும் ஸ்பைக் லாவெண்டரும் கலந்து பிறந்த கலப்பினம் இந்த லாவண்டின், விதை பிடிக்காது, குச்சி வெட்டி நட்டுத்தான் வளர்ப்பார்கள். பிரான்ஸில் புரோவான்ஸ் பக்கம் குரோஸோ என்ற ரகத்தை நிறையப் பயிரிடுகிறார்கள். எண்ணெய் அதிகம் இறங்கும், அதனால் விலை குறைவு, சோப்புக்கும் சலவைத்தூளுக்கும் போவது பெரும்பாலும் இதுதான்.

அசல் லாவெண்டரில் கற்பூரம் பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழே; குரோஸோவில் 6 முதல் 8 சதவீதம் வரை இருக்கும். மோந்து பார்த்தாலே தெரியும், முதலில் பூ வாசம், பின்னாலேயே பூஜை அறை நெடி. உடம்பு வலிக்குத் தேய்க்க அந்த நெடி இதமாகத்தான் இருக்கும், ஆனால் கற்பூரம் வலிப்பைத் தூண்டக்கூடியது என்பதால் கைக்குழந்தைக்கும் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் வேண்டவே வேண்டாம், கர்ப்பிணிகளும் தள்ளி வையுங்கள். தீக்காயத்துக்கு லாவெண்டர் நல்லது என்று எங்கோ படித்துவிட்டு இதைப் போடுகிறார்கள், காந்தும். கை சுட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், அது போதும்.

அப்புறம், குளிக்கிற தண்ணீரில் சொட்டு விடுவது. தண்ணீரில் கரையாமல் மேலே மிதந்து அப்படியே தோலில் ஒட்டும்.

நம்ம வேலூர் வெயிலை மறந்துவிடாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி தாண்டும் ஊரில் பாட்டிலை ஜன்னலோரம் வைத்தால், மூடியும் சரியாக இறுகாமல் இருந்தால், எண்ணெயில் உள்ள லினலூல் என்ற வாசனைப் பொருள் காற்றோடு சேர்ந்து மாறிப்போகும், அந்தப் பழைய எண்ணெய்தான் பலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொண்டுவருகிறது. பழுப்பு நிறப் பாட்டிலில், இறுக்கி மூடி, ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள்.

அக்கா அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போடவில்லை. 30 மில்லி நல்லெண்ணெய்க்கு 12 சொட்டு, அதாவது ஏறக்குறைய 2 சதவீதம், கலந்து முதலில் முழங்கையின் உட்பக்கம் தடவி ஒருநாள் பார்த்தாள். அரிப்பு எதுவும் இல்லை. இப்போது ராத்திரியில் தன் முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்கிறாள், பேரன் தூங்கும் அறைக்கு வெளியே உட்கார்ந்து.