பிக்கப் வண்டியில் பனிவிளக்குகள் பொருத்திய அனுபவம்

என் பிக்கப் வண்டியின் முன்பம்பரில் 55 வாட் பனிவிளக்குகள் இரண்டை வீட்டிலேயே பொருத்தியபோது, அவை மங்கலாக எரிந்ததோடு, வண்டி குலுங்கும்போதெல்லாம் சிமிட்டின. 12 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும் என்பதால், பேட்டரிக்கு அருகிலேயே 15 ஆம்பியர் ஃபியூஸும் அதை அடுத்து ரிலேவும் (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) வைத்துத்தான் இணைத்திருந்தேன். விளக்குகளிலிருந்து மின்சாரம் வண்டியின் உலோகச் சட்டம் (சேசிஸ்) வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப உதவும் எர்த் வயரின் வளையத்தைக் கழற்றியபோதுதான், அதன் அடியில் சேசிஸின் கறுப்புப் பெயின்ட் கீறல்கூட விழாமல் பளபளத்ததைக் கண்டேன். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாததால், போல்ட்டின் மரைகள் வழியாக மட்டுமே மின்சாரம் திரும்பிக்கொண்டிருந்தது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு (இதை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது), உப்புத்தாளால் தேய்த்து, வெறும் உலோகம் தெரிந்த பிறகு வளையத்தை இறுக்கி, துரு ஏறாதிருக்க மேலே கிரீஸ் பூசினேன். அன்றிரவே விளக்குகள் நிலையாக எரிந்தன. பிறகு சமதளத்தில் நிறுத்தி, எதிரே வருபவரின் கண் கூசாதபடி ஒளியைத் தாழ்த்தினேன்.